குத்துச்சண்டை நடுவரின் சேவை: 5-க்கு மூன்றரை, ஏன் என்று சொல்கிறேன்

நான் இங்கே மதிப்பிடப் போவது கிளவுஸையோ ஷூவையோ இல்லை, ரிங்குக்குள் நிற்கும் மூன்றாவது ஆளின் வேலையை. குத்துச்சண்டை நடுவர் செய்வதும் ஒரு சேவைதான். அதற்குச் சம்பளம் உண்டு, உரிமம் உண்டு, விதிமுறை உண்டு, அந்தச் சேவையை நம்பித் தன் தலையையே ஒப்படைக்கிற ஒரு ஆளும் உண்டு. அந்த ஆள் யார் என்பதில்தான் நிறையப் பேருக்குக் குழப்பம். டிக்கெட் வாங்கியவர், காசு கட்டி டி.வி.யில் பார்ப்பவர், சண்டையை ஏற்பாடு செய்தவர், ஜெயித்துக்கொண்டிருக்கும் வீரர், இவர்கள் எல்லாருக்கும் சேவை செய்ய வேறு ஆட்கள் இருக்கிறார்கள். தோற்றுக்கொண்டிருப்பவருக்கு அந்த நேரத்தில் நடுவரை விட்டால் யாரும் இல்லை. ஆகவே அடி வாங்குகிறவரின் பக்கம் நின்றுதான் இந்த மதிப்பெண்ணைப் போட்டிருக்கிறேன். சண்டை பாதியில் நின்றதால் ராத்திரி வீணாகிவிட்டது என்கிற பார்வையாளரின் கோபத்துக்கு இதில் இடம் கொடுக்கவில்லை.

முதலில் இந்தச் சேவை என்ன தருவதாகச் சொல்கிறது என்று பார்த்துவிடலாம். 1867-இல் வெளிவந்த குவீன்ஸ்பெர்ரி விதிகள் கிளவுஸையும் மூன்று நிமிட ரவுண்டையும் கொண்டுவந்தன, கீழே விழுந்தவர் எழுந்திருக்கப் பத்து வினாடி என்பதும் அதில்தான் வந்தது. இன்று போட்டிகளைக் கட்டுப்படுத்தும் அமெரிக்க மாநில கமிஷன்கள் பயன்படுத்தும் ஒருங்கிணைந்த விதிகளின்படி, விழுந்தவர் உடனே துள்ளி எழுந்தாலும் நடுவர் எட்டு வரை எண்ணியே ஆக வேண்டும், எண்ணிக்கொண்டிருக்கும்போது ரவுண்டு முடியும் மணி அடித்தாலும் அது விழுந்தவரைக் காப்பாற்றாது, சண்டையை நிறுத்தும் இறுதி அதிகாரம் நடுவருடையது. அமெச்சூரில் இன்னொரு வசதி கூடுதலாக உண்டு: ஆள் விழாமல் நின்றுகொண்டிருந்தாலும் நடுவர் இடைமறித்து எட்டு எண்ணலாம். தொழில்முறை ஒருங்கிணைந்த விதிகளில் அந்த நின்றபடி எண்ணும் வழக்கம் இல்லை. இந்த ஒரு வித்தியாசம் எவ்வளவு பெரிய ஓட்டை என்பதற்குக் கீழே வருகிறேன்.

அந்த எட்டு வினாடியைப் பலர் வீரருக்கு மூச்சு வாங்கக் கிடைக்கும் சலுகை என்று நினைக்கிறார்கள். என் பார்வையில் அது நடுவருக்குக் கிடைக்கும் பரிசோதனை நேரம். அதை எப்படிச் செலவிட வேண்டும் என்று பார்க்க விரும்புபவர்கள் 2018 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த முதல் வைல்டர்–ஃப்யூரி சண்டையின் 12-வது ரவுண்டைப் பாருங்கள். டைசன் ஃப்யூரி மல்லாந்து விழுந்து அசையாமல் கிடக்கிறார். நடுவர் ஜாக் ரீஸ் அங்கேயே கையை வீசி முடித்திருந்தால் ஒருவரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அவர் குனிந்து எண்ணத் தொடங்குகிறார், ஃப்யூரி எழுகிறார், அப்புறம் ரீஸ் வெறுமனே கையை உயர்த்தச் சொல்லி விட்டுவிடவில்லை. பேசிப் பார்க்கிறார், பக்கவாட்டில் நடந்துபோய்த் திரும்பி வரச் சொல்கிறார். சொன்னது காதில் ஏறுகிறதா, புரிகிறதா, கால் கேட்கிறதா, மூன்றையும் ஒரே கட்டளையில் சோதித்துவிட்டார். ஃப்யூரி சரியாகச் செய்தார், சண்டை தொடர்ந்தது, டிராவில் முடிந்தது. நிறுத்தாமல் விட்டதற்காக நான் முழு மதிப்பெண் கொடுக்கும் சண்டைகளில் இது ஒன்று, ஏனென்றால் அங்கே விட்டது பரிசோதித்த பிறகு எடுத்த முடிவு.

நிறுத்தியதற்காக முழு மதிப்பெண் கொடுப்பது இன்றுவரை திட்டு வாங்கும் ஒரு முடிவுக்கு. 1990 மார்ச் 17, லாஸ் வேகஸ். ஜூலியோ சீசர் சாவேஸும் மெல்ட்ரிக் டெய்லரும், இருவருமே அதுவரை தோற்காதவர்கள், இருவருமே சாம்பியன்கள். டெய்லரின் கை வேகத்துக்கு முன்னால் சாவேஸ் பல ரவுண்டுகள் திணறினார், ஆனால் சாவேஸின் ஒவ்வொரு அடியும் டெய்லரின் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துக்கொண்டே இருந்தது. 12-வது ரவுண்டு தொடங்கும்போது இரண்டு ஜட்ஜுகளின் ஸ்கோர் கார்டில் டெய்லர் ஐந்து, ஏழு பாயின்ட்ஸ் முன்னிலை. நின்றுகொண்டிருந்தாலே வெற்றி. ஆனால் இந்த ரவுண்டும் உனக்கு வேண்டும் என்று சொல்லி கார்னர், அதாவது அவருடைய பயிற்சியாளர் குழு, அவரை அனுப்பியது, அவரும் போய் மோதினார். கடைசி விநாடிகளில் ரிங்கின் மூலையில் விழுந்தார், கயிற்றைப் பிடித்து எழுந்தார். நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் எட்டு எண்ணி, நன்றாக இருக்கிறாயா என்று கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். டெய்லரின் பார்வை ரிங்குக்கு வெளியே ஏறி நின்று கத்திக்கொண்டிருந்த தன் பயிற்சியாளர் பக்கம் போனது. ஸ்டீல் கையை வீசினார். மீதி இருந்தது இரண்டு வினாடி.

இரண்டு வினாடியில் என்ன ஆகிவிடும், சாவேஸ் எதிர் மூலையில் இருந்து வந்து சேரக்கூட நேரம் இல்லையே என்ற வாதம் அன்றிலிருந்து ஓயவில்லை. எனக்கு அது புரியாமல் இல்லை. ஒரு மனிதன் வாழ்நாளில் செய்த மிகச் சிறந்த சண்டை அவன் கையைவிட்டுப் போனது, அது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் ஸ்டீல் கடிகாரம் பார்க்கும் வேலைக்கு வரவில்லை. இந்த ஆளால் தன்னைக் காத்துக்கொள்ள முடியுமா என்ற ஒரே கேள்விக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நேராகக் கேட்டார், பதில் வரவில்லை, முடிவு எடுத்தார். ஸ்கோர் கார்டில் யார் முன்னிலை என்பதையும் எத்தனை வினாடி பாக்கி என்பதையும் கணக்கில் எடுக்கத் தொடங்கினால் நடுவர் இன்னொரு ஜட்ஜ் ஆகிவிடுகிறார், அங்கே ஏற்கெனவே மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். டெய்லர் அன்று முகத்தில் எலும்பு முறிவோடு மருத்துவமனைக்குப் போனார், நிறைய ரத்தத்தை விழுங்கியிருந்தார். பின்னாட்களில் அவர் பேச்சு குழறத் தொடங்கியது. அந்தச் சண்டையைத் திரும்பப் பார்க்கும்போதெல்லாம் ஸ்டீல் சீக்கிரம் நிறுத்திவிட்டார் என்று எனக்குத் தோன்றுவதில்லை. டெய்லரின் கார்னர் முன்பே யோசித்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

இப்போது சேவை தவறிய இடங்களுக்கு வருகிறேன். 1962 மார்ச் 24, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன், எமில் கிரிஃபித்தும் பென்னி பேரட்டும். 12-வது ரவுண்டில் பேரட் மூலையில் மாட்டிக்கொண்டார், கிரிஃபித்தின் அடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கின, பேரட்டின் உடல் கயிற்றில் சாய்ந்து தொங்கியதால் விழ முடியவில்லை. விழுந்திருந்தால் எண்ணிக்கை தொடங்கியிருக்கும், கிரிஃபித் விலகியிருப்பார். நேரடி ஒளிபரப்பில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, நடுவர் ரூபி கோல்ட்ஸ்டீன் பாய்ந்து இழுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பேரட் நினைவு திரும்பாமலே பத்து நாளில் இறந்தார். கோல்ட்ஸ்டீன் கத்துக்குட்டி இல்லை, தானே சண்டை போட்டவர், அனுபவசாலி. அவர் தயங்கியதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, பேரட் அடிபட்டது போல நடித்து எதிராளியை உள்ளே இழுப்பவர் என்ற பேச்சு. இந்தக் காரணம்தான் என்னை உறுத்துகிறது. நடிக்கிறானா இல்லையா என்று கண்டுபிடிப்பதற்காக இன்னும் ஐந்து அடி வாங்க விடுவது எந்த விதத்திலும் பரிசோதனை ஆகாது. பேரட் 1961 டிசம்பரில்தான் தன்னைவிடப் பெரிய எடைப் பிரிவு சாம்பியன் ஜீன் ஃபுல்மரிடம் பத்தாவது ரவுண்டு வரை கடுமையாக அடிவாங்கித் தோற்றிருந்தார், நான்கு மாதம்கூட ஆகவில்லை. அந்த வரலாறும் நடுவரோடு சேர்ந்து ரிங்குக்குள் வந்திருக்க வேண்டும்.

பேரட்டின் சண்டை இன்னொன்றையும் காட்டுகிறது, நடுவர் சேவையின் மிகப் பெரிய பலவீனம் ஆள் விழாமல் நிற்பது. விழுந்தால் விதி இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது, செய்ய வேண்டியது எழுதி வைத்திருக்கிறது. நின்றுகொண்டே அடி வாங்குபவருக்கு எழுதி வைத்தது எதுவும் இல்லை, எல்லாம் நடுவரின் மனசுதான். முதல் ரவுண்டில் ஒரே அடியில் சுருண்டு விழுகிறவரை விட, தைரியசாலி என்று பெயர் எடுத்து, தாடை உறுதியாக இருந்து, ரவுண்டுக்கு ரவுண்டு அடியைச் சேர்த்துக்கொண்டே போகிறவர்தான் பெரிய ஆபத்தில் இருக்கிறார், ஆனால் கைதட்டல் அவருக்குத்தான் கிடைக்கிறது.

1982 நவம்பர் 13-ஆம் தேதி லாஸ் வேகஸில் ரே மான்சினியோடு மோதிய தென் கொரிய வீரர் கிம் துக்-கூ அப்படித்தான் நின்றார். 13 ரவுண்டு முழுவதும் தாக்குப் பிடித்தார், திருப்பியும் அடித்தார். 14-வது ரவுண்டு தொடங்கிய சில விநாடிகளில் விழுந்தார், கயிற்றைப் பிடித்து எழுந்தார், நடுவர் நிறுத்தினார். கிம் சில நாட்களில் இறந்தார். கடைசி விழுதலுக்குப் பின் நிறுத்தியது வேகமாகத்தான் நடந்தது, அதில் குறை சொல்ல முடியாது. அதற்கு முந்தைய ரவுண்டுகளில் ஒரு இடத்தில், எந்த இடம் என்று யாரும் விரல் வைக்க முடியாத ஒரு இடத்தில், நேரம் கடந்துவிட்டது. அந்த மரணத்துக்குப் பின், உலகப் பட்டம் வழங்கும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூ.பி.சி. தன் பட்டச் சண்டைகளை 15 ரவுண்டிலிருந்து 12 ஆகக் குறைத்தது, 80-களின் முடிவுக்குள் மற்ற அமைப்புகளும் வழிக்கு வந்தன. நடுவரின் மனசை மட்டும் நம்பினால் போதாது என்று விளையாட்டே ஒப்புக்கொண்ட தருணம் அது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

தாமதம் ஏன் இவ்வளவு பெரிய குற்றம் என்பதற்கு மண்டைக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. ரிங்கில் உயிரைப் பறிக்கும் காயங்களில் முக்கியமானது மூளையின் மேல்பரப்புக்கும் அதை மூடியிருக்கும் உறைக்கும் நடுவே ஏற்படும் ரத்தக் கசிவு. தலை சட்டென்று திரும்பும்போது மூளை உள்ளே பின்தங்கித் திரும்புகிறது, இரண்டையும் இணைக்கும் மெல்லிய ரத்தக் குழாய்கள் இழுபட்டு அறுகின்றன. ரத்தம் மெதுவாகச் சேரலாம். ஆள் பேசுவார், நடப்பார், தலை வலிக்கிறது என்பார், உடைமாற்றும் அறையில் வாந்தி எடுப்பார், அப்புறம் சரிவார். இன்னொன்று, ஏற்கெனவே அதிர்ந்த மூளை உள்ளவருக்கு அடி வருவது தெரிவது தாமதமாகிறது, கழுத்துத் தசை இறுகாமல் அடியை வாங்குகிறார், ஆகவே அதே பலத்தில் வரும் அடுத்த பஞ்ச் முன்னதைவிட அதிகம் கெடுக்கும். தலைக்கவசம் போட்டால் சரியாகிவிடாதா என்று கேட்பவர்களுக்கு: அது வெட்டுக்காயத்தைக் குறைக்கும், மண்டைக்குள் மூளை திரும்புவதை நிறுத்தாது. சர்வதேச அமெச்சூர் போட்டிகளில் வயதுவந்த ஆண்கள் பிரிவில் 2013-இல் அதை எடுத்தே விட்டார்கள்.

சரி, நடுவர் எதைத்தான் பார்க்க வேண்டும்? நான் சண்டை பார்க்கும்போது ரத்தத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. புருவம் கிழிந்து முகமெல்லாம் ரத்தமாக இருப்பவர் உள்ளுக்குள் தெளிவாக இருக்கலாம், ஒரு சொட்டு ரத்தம் இல்லாதவர் முடிந்துபோயிருக்கலாம். கை திருப்பி அடிக்கிறதா என்பதைவிட, அடித்த கை முகத்துக்குத் திரும்பி வருகிறதா என்பது முக்கியம். முதல் ரவுண்டில் ஒதுங்கிக்கொண்ட சாதாரண ஜாப் (முன்னால் நிற்கும் கையால் விடும் நேர் குத்து) இப்போது தலையைப் பின்னால் தள்ளுகிறதா? பார்வை எதிராளியின் மார்பில் இருக்கிறதா, எங்கோ நிலைகுத்திவிட்டதா? மணி அடித்ததும் தன் ஸ்டூலை நோக்கி நேராகப் போகிறாரா? அடி விழுந்த இடத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் கண்ணைச் சிமிட்டுகிறாரா?

இந்தக் கடைசிக் கேள்வி சும்மா வரவில்லை. 1995 பிப்ரவரி 25, லண்டன், நைஜல் பென்னும் ஜெரால்ட் மெக்லெலனும். முதல் ரவுண்டிலேயே பென் கயிற்றுக்கு வெளியே போய் விழுந்தார், சமாளித்து உள்ளே வந்தார், அதற்கப்புறம் இருவரும் மாறி மாறி அடித்துக்கொண்ட அந்தச் சண்டையைத் தொழில்முறைக் குத்துச்சண்டையின் மிக மூர்க்கமான சண்டைகளில் ஒன்று என்று இன்றும் சொல்வார்கள். நடுவில் மெக்லெலன் விடாமல் கண்ணைச் சிமிட்டத் தொடங்கினார், பல் கவசம் வாயிலிருந்து துருத்திக்கொண்டு நின்றது. பத்தாவது ரவுண்டில் தானாகவே ஒரு காலை மடித்து மண்டியிட்டார், எழுந்தார், மறுபடி மண்டியிட்டார், எண்ணி முடிக்கும்வரை எழவில்லை. அந்த நேரத்தில் சிலர் அவர் மனம் விட்டுவிட்டார் என்றே நினைத்தார்கள். மூலைக்குப் போய் உட்கார்ந்தவர் அப்படியே சரிந்தார். உயிர் பிழைத்தார், பார்வை போய்விட்டது, செவித்திறனும் பெரும்பாலும் போய்விட்டது. இதைப் பார்த்த ஒருவர் இனி எந்த வீரரையும் பயந்துவிட்டான் என்று சொல்ல மாட்டார் என்று நம்பியிருந்தேன், ஆனால் ஒவ்வொரு வாரமும் யாரோ சொல்கிறார்கள். தானாக மண்டியிடும் வீரர் தன் உடலைப் பற்றி நமக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறார்.

சீக்கிரம் நிறுத்திவிட்டார்கள் என்ற புகாரையும் நியாயமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதிலும் ஒரு இழப்பு இருக்கிறது. 2013 நவம்பரில் மான்செஸ்டரில் கார்ல் ஃப்ராச்சும் ஜார்ஜ் க்ரோவ்ஸும் மோதினார்கள். முதல் ரவுண்டில் ஃப்ராச்சைக் கீழே தள்ளிய க்ரோவ்ஸ் மூன்று கார்டிலும் முன்னிலையில் இருந்தார். ஒன்பதாவது ரவுண்டில் ஃப்ராச் தொடர்ந்து அடித்தபோது நடுவர் ஹோவர்ட் ஃபாஸ்டர் உள்ளே பாய்ந்து க்ரோவ்ஸைக் கட்டிப்பிடித்து நிறுத்தினார். அரங்கமே ஊளையிட்டது. எனக்கும் அது சில அடிகள் முன்னதாக வந்த முடிவு என்றுதான் படுகிறது. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள்: புகார் எழுந்தது, மறு சண்டைக்கு உத்தரவு வந்தது, 2014 மே மாதம் வெம்ப்ளியில் 80,000 பேருக்கு முன் இருவரும் மறுபடி மோதினார்கள், ஃப்ராச் எட்டாவது ரவுண்டில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் முடித்தார். க்ரோவ்ஸ் 2017-இல் உலக சாம்பியனும் ஆனார். நடுவர் அவசரப்பட்டதால் கெட்டுப்போன ஒரு ராத்திரியை ஆறு மாதத்தில் சரிசெய்ய முடிந்தது.

அதே க்ரோவ்ஸ் 2016 நவம்பரில் லண்டனில் எட்வர்ட் குட்க்நெக்ட்டோடு மோதினார். சண்டை 12 ரவுண்டும் போனது, க்ரோவ்ஸ் பாயின்ட்ஸில் ஜெயித்தார், நிறுத்துவது பற்றிப் பெரிய சர்ச்சை எதுவும் அன்று இல்லை. சண்டை முடிந்த சிறிது நேரத்தில் குட்க்நெக்ட் மயங்கி விழுந்தார், மூளையில் ரத்தக் கசிவு, அறுவை சிகிச்சை, அதற்குப் பிறகு பழைய வாழ்க்கைக்கு அவர் திரும்பவில்லை. ஃபாஸ்டரின் முடிவைத் திட்டுகிறவர்கள் இந்த இரண்டு சண்டைகளையும் அடுத்தடுத்து யோசித்துப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஒன்றில் ஆத்திரம் மிஞ்சியது. மற்றதில் ஒரு குடும்பம் ஆயுள் முழுவதும் பார்த்துக்கொள்ள வேண்டிய ஒரு மனிதர்.

எதிர்ப்பக்கத்தில் எப்போதும் காட்டப்படும் உதாரணம் 2005 மே மாதம் நடந்த கொராலஸ்–காஸ்டியோ. பத்தாவது ரவுண்டில் டியகோ கொராலஸ் இரண்டு முறை விழுந்தார், இரண்டு முறையும் எழுந்தார், நடுவர் டோனி வீக்ஸ் விட்டார், அதே ரவுண்டில் கொராலஸ் திருப்பி அடித்து ஹோசே லூயிஸ் காஸ்டியோவை நடுவர் சண்டையை நிறுத்தும் நிலைக்குத் தள்ளினார். அற்புதமான சண்டை, மறுக்கவே மாட்டேன், வீக்ஸின் கணிப்பும் சரி. ஆனால் அந்த ஒரு ரவுண்டைக் காட்டி எத்தனை நடுவர்களிடம் இன்னும் ஒரு வாய்ப்பு கொடு என்று கேட்டிருப்பார்கள்! கொராலஸுக்கு நடந்தது எல்லாருக்கும் நடக்கும் என்று நம்பி யாருடைய தலையையும் பணயம் வைக்க முடியாது.

இனி கார்னர், அதாவது வீரரின் சொந்த ஆட்கள். நடுவர் சேவைக்கு ஒன்றரை மதிப்பெண் குறைத்ததில் பாதி இவர்கள் கணக்கு. ரவுண்டு முடிந்து ஒரு நிமிடம் அந்த ஆளின் முகத்துக்கு நேரே நிற்கிறவர்கள் இவர்கள், அவர் ஜிம்மில் எப்படி மூச்சு விடுவார், எடை குறைக்க எவ்வளவு தண்ணீர் இல்லாமல் கிடந்தார் என்பதெல்லாம் இவர்களுக்குத்தான் தெரியும். 1975-இல் மணிலாவில், முகமது அலிக்கு எதிரான மூன்றாவது சண்டையில், 14 ரவுண்டு முடிந்து ஜோ ஃப்ரேசியர் கண் தெரியாத நிலையில் எழுந்து போகத் துடித்தபோது பயிற்சியாளர் எடி ஃபட்ச் விடவில்லை. மீதி இருந்தது ஒரே ரவுண்டு. 1980-இல் லேரி ஹோம்ஸிடம் அலி பத்து ரவுண்டு அடிவாங்கிய பிறகு அவர் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ முடித்துவைத்தார், அது எனக்கு ஐந்து ரவுண்டாவது தாமதமாகப் படுகிறது, அலி என்ற பெயர் இல்லாத ஒருவரை அவ்வளவு நேரம் விட்டிருக்கவே மாட்டார்கள். பெரிய பெயருக்குக் காட்டும் இந்த மரியாதை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. சாம்பியனாயிற்றே, அவருக்கு இன்னும் கொஞ்சம் வாய்ப்பு கொடுப்போம் என்று சொல்லி, வயதான, மெதுவாகிப்போன ஒரு மனிதரை இளைஞரைவிட அதிக நேரம் அடிவாங்க விடுகிறார்கள்.

பயிற்சியாளர் நிறுத்தினால் அவருக்கு என்ன கிடைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். 2020 பிப்ரவரியில் இரண்டாவது ஃப்யூரி சண்டையின் ஏழாவது ரவுண்டில் டியான்டே வைல்டருக்காக பயிற்சியாளர் மார்க் பிரீலண்ட், சண்டையை நிறுத்தச் சொல்லும் அடையாளமாக, டவலை வீசினார். காதோரம் ரத்தம், கால் தள்ளாட்டம், எதிரே உச்சக்கட்ட ஃபார்மில் ஒரு பெரிய ஆள். பிரீலண்ட் செய்தது நூற்றுக்கு நூறு சரி. அவருக்கு வேலை போனது. 2019 ஜூலையில் மேக்சிம் டடாஷேவை 11-வது ரவுண்டுக்குப் பின் உட்காரவைத்து, நிறுத்திவிடுகிறேன், நீ அடி அதிகம் வாங்குகிறாய் என்று பயிற்சியாளர் பட்டி மெக்கர்ட் கெஞ்சினார், டடாஷேவ் மறுத்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தார், மெக்கர்ட் அவர் பேச்சைக் கேட்காமல் நிறுத்தினார். நான்கு நாளில் டடாஷேவ் இறந்தார். அந்தச் சண்டையில் அவர் ஒருமுறைகூடக் கீழே விழவில்லை. அந்தக் காட்சி இணையத்தில் இருக்கிறது, பார்ப்பது கஷ்டம், ஆனால் வீரரின் சம்மதத்துக்குக் காத்திருக்கக் கூடாது என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது. நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்வதுதான் வீரரின் தொழில், அடிபட்ட மூளையும் அதையே சொல்லும்.

தவறான அடிகளைத் தடுப்பதும் இதே சேவையின் பகுதிதான், அதில் நடுவர்கள் ரொம்பவே மெத்தனம். 2015 அக்டோபரில் வர்ஜீனியாவில் பிரிச்சர்ட் கோலோன் தலையின் பின்பக்கம் அடி விழுகிறது என்று நடுவரிடம் முறையிட்டார், மருத்துவர் பார்த்தார், தொடரலாம் என்று விட்டார்கள். சண்டை கடைசியில் நின்றதே, முடிந்துவிட்டது என்று நினைத்து அவர் கார்னர் கிளவுஸைக் கழற்றியதற்காக அவரைத் தகுதிநீக்கம் செய்தபோதுதான். அதன்பின் கோமாவில் விழுந்த அவர் சொந்தக்காலில் நடமாடும் வாழ்க்கைக்குத் திரும்பவே இல்லை. பின்தலை அடிக்கு மூன்றாவது எச்சரிக்கை, நான்காவது எச்சரிக்கை என்று இழுப்பதில் ஒரு பயனும் இல்லை, பாயின்ட்ஸைக் குறையுங்கள், அப்புறமும் தொடர்ந்தால் அடித்தவரை வெளியேற்றுங்கள்.

நிறுத்தியதற்குப் பிறகான சேவை முன்பைவிட எவ்வளவோ மேல், ஆனால் ஒவ்வொரு முன்னேற்றத்துக்கும் ஒருவர் விலை கொடுத்திருக்கிறார். 1991-இல் லண்டனில் க்றிஸ் யூபாங்கிடம் 12-வது ரவுண்டில் சாய்ந்த மைக்கேல் வாட்சனுக்கு ரிங்கருகே உயிர்காக்கும் கருவி கிடைக்கவில்லை, முதலில் கொண்டுபோன மருத்துவமனையில் மூளை அறுவை வசதி இல்லை. நாற்பது நாள் கோமா. எழுந்து வழக்குப் போட்டார், பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியம் தன் கடமையில் தவறியது என்று 1999-இல் நீதிமன்றம் சொன்னது, மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. 2003-இல் லண்டன் மாரத்தானை ஆறு நாளில் நடந்து முடித்தார். அத்தனைக்கும் பிறகு 2013-இல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பத்து ரவுண்டு அடிவாங்கிய மகோமெட் அப்துசலமோவ் மருத்துவமனைக்கு டாக்ஸி பிடித்துப் போனார். ஆம்புலன்ஸ் இல்லை, டாக்ஸி. பின்னர் நியூயார்க் மாநிலம் 2 கோடியே 20 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அந்த இரவில் சண்டையை யாரும் நிறுத்தவில்லை, யாரும் நிறுத்தச் சொல்லவும் இல்லை.

ஆக, பிரித்துச் சொன்னால்: கீழே விழுந்தவரைக் கையாளுவதில் இன்றைய நல்ல நடுவர்களுக்கு 5-க்கு நான்கரை கொடுப்பேன். நின்றுகொண்டே அடிவாங்குகிறவரைக் கையாளுவதில் இரண்டரைக்கு மேல் மனசு வரவில்லை. கார்னர்களுக்கு மூன்று, அதுவும் ஃபட்ச், மெக்கர்ட், பிரீலண்ட் போன்றவர்களை நினைத்துத்தான். மொத்தத்தில் மூன்றரை. நான்காக உயர்த்த எனக்கு வேண்டியது அதிகம் இல்லை. நின்றபடி எட்டு எண்ணும் அதிகாரத்தைத் தொழில்முறை நடுவருக்கும் கொடுங்கள். அது அடிவாங்குபவருக்கு ஓய்வு கொடுத்து அடியை நீட்டிக்கும் என்று எதிர்ப்பவர்களின் வாதம் எனக்குத் தெரியும், அதற்குப் பதில் அந்த எண்ணிக்கையின் முடிவில் பரிசோதித்து, தேறாவிட்டால் நிறுத்துவது. எட்டாவது ரவுண்டுக்குப் பின் ஒவ்வொரு இடைவேளையிலும் மருத்துவர் ஸ்டூலருகே வந்து நிற்கட்டும், கார்னர் மறுத்தாலும் அவர் வார்த்தை நடுவரின் காதுக்குப் போகட்டும். முந்தைய சண்டையில் நிறுத்தப்பட்டுத் தோற்றவர் என்றால் அது நடுவரின் கையில் எழுத்தாகவே இருக்க வேண்டும். டவல் வீசிய பயிற்சியாளரை அதற்காக நீக்க முடியாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

அப்புறம் பார்க்கிறவர்களுக்கு ஒன்று: அடுத்த முறை நடுவர் இடையில் புகுந்து நிறுத்தும்போது, ஊளையிடுவதற்கு முன், கடைசி ஒரு நிமிடத்தைத் திரும்ப ஓட்டி, தோற்றவரின் கையை மட்டும் பாருங்கள். அடித்த பிறகு அது தாடைக்குத் திரும்பி வரவில்லை என்றால், அந்த நடுவர் சரியான நேரத்தில்தான் வந்திருக்கிறார், ஒருவேளை கொஞ்சம் தாமதமாகவே வந்திருக்கலாம்.